பாதி திறந்த கதவு

மச்சாள் மூன்று நாள் நின்றுவிட்டுப் போனாள்.
வெள்ளவத்தைக்குப் பஸ் ஏற்றிவிட்டு
நாவற்குடாவுக்குத் திரும்பி வந்து
பூட்டின் துவாரத்தை விரலால் தேடித் திறந்தால்
வீடு வேறொருத்தியுடையது.

அன்புதான். குறை சொல்ல வரவில்லை.
உப்புப் போத்தலில் ஓர் இறப்பர் வளையம், சீனிக்கு இரண்டு.
"பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு ரூபி"
என்று முதல்நாளே சொன்னவள்
எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறாள்.
காஸ் அடுப்பின் திருகியில்
சின்னத் தீ எங்கே நிற்கும் என்று
என் விரலுக்குச் சொல்ல
நகப்பூச்சால் வைத்திருந்த பொட்டையும்
சுரண்டித் துடைத்திருக்கிறாள்.

பின்னேரம் உப்புத் தேத்தண்ணி குடித்தேன்.
சிரிப்புத்தான் வந்தது.

இருபத்தொரு வருஷம்
நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவள் நான்.
வாகரையிலிருந்து வெல்லாவெளி வரை
யாருடைய வயல் எங்கே முடிகிறது என்று
மயிரிழைக் கோட்டில் சொன்ன கை.
ஒருநாள் கோட்டின் நடுவில் ஒரு துண்டைக் காணவில்லை.
பேனையை மாற்றினேன்.
மேசை விளக்கை மாற்றினேன்.
கண்ணாடியை, பிறகு இன்னொரு கண்ணாடியை.
மாற்ற இனி ஒன்றுமில்லை என்று
டொக்டர்தான் சொன்னார்.

நேராகப் பார்த்தால் இல்லை.
கொஞ்சம் விலகிப் பார்த்தால் உண்டு.
உங்கள் முகம் தெரியாது, தோடு தெரியும்.
மணிக்கூடு தெரியாது, அதைச் சுற்றிய சுவர் தெரியும்.
"கண் தெரியாதோ?" என்பவருக்கும்
"அப்ப தெரியுந்தானே?" என்பவருக்கும்
ஒரே "இல்லை"யைத்தான் கொடுக்கிறேன்.

வேலையை விட்டபின் கடைசியாக ஒரு படம் செய்தேன்.
இந்த வீடு. அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஒன்று.
பின்படி விளிம்பில் மஞ்சள் நாடா.
கட்டிலிலிருந்து குளியலறை பதினொரு எட்டு,
நடுவில் ஒரு கதிரையும் இல்லை.
வெள்ளைப் பீங்கானில்
சோறும் எருமைத் தயிரும் காணாமற் போனபடியால்
கறுநீலத்தில் ஒன்று வாங்கினேன்.
ஐந்நூறு ரூபாத் தாளுக்கு ஒரு மடிப்பு, ஆயிரத்துக்கு இரண்டு.
ஐயாயிரத்தை மடிப்பதில்லை, அது எப்படியும் நிற்காது.
கோப்பையில் சுடுதண்ணி வார்க்கையில்
சத்தத்தைக் கேட்பேன்:
அடியில் தடித்த குரல், நிறைய நிறைய மெலியும்.
கதவுகளுக்கு ஒரே சட்டம்.
முழுதாகத் திற. அல்லது முழுதாகச் சாத்து.

மச்சாளுக்கும் சொன்னேன். "ஓம் ஓம்" என்றாள்.
கச்சான் காற்றுக்கு உடுப்பு புழுங்குமென்று
அலுமாரியைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
இரவு, ஏழாவது எட்டில்,
அதன் விளிம்பு ஒரு மயிரிழைக் கோடாய்
சரியாக என் கண்ணின் இல்லாத இடத்தில் நின்றது.

முதலில் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று போய்த் தொட்டேன்.
பிறகுதான் புருவத்தை.
போனில் ஐந்தாம் இலக்கத்தின் மேட்டை அழுத்தினால்
பக்கத்து வளவு கிறிஸ்டி.
ஓட்டோ வந்தது. மூன்று தையல்.

"தனியாவா இருக்கிறீங்க?" என்று கேட்டா தாதி.
அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருந்தது.
"தனியாத்தான். இது ஆள் வந்து நின்றதால் வந்த காயம்."

காலையில் அண்ணா எடுத்தார்.
இனிச் சரிவராது, இங்கேயே வந்திடு,
மூன்றாம் மாடிதான், லிஃப்ட் இருக்கு.
நல்ல மனிசன்.
"போனை அவளிட்டக் குடுங்க" என்றேன்.

அழுதாள்.
"அழுகை பிறகு. மேல் தட்டிலிருந்து சொல்லு,
இடப்பக்கம் முதலாவது என்ன வைச்சாய்?"
அவள் சொல்லச் சொல்ல நான் எடுத்து
பழைய இடத்தில் வைத்து வளையம் மாட்டினேன்.
பாண்காரனின் ஓட்டோ பாட்டோடு வந்து
பாட்டோடு திரும்பிப் போகும்வரை பேசினோம்.
குசினி முழுவதையும் அவள் மனப்பாடமாய்ச் சொன்னாள்.
இத்தனை கவனமாக அடுக்கியிருக்கிறாள், பாவி.

"அடுத்தமுறை வரும்போது
சிவப்பு நகப்பூச்சு கொண்டு வா.
பொட்டை நீயே வை. இடத்தை நான் காட்டுறன்."

மல்லித்தூளை மட்டும்
எங்கே வைத்தாள் என்று
அவளுக்கும் ஞாபகமில்லை.
ஒவ்வொரு மூடியாய்த் திறந்து
மணந்துகொண்டிருக்கிறேன்.